ராதாகிருஷ்ணனின் ஆசிரியர் ஹாக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செப்டம்பர் 5 வந்தால் ராதாகிருஷ்ணன் படத்துக்கு மாலை போடுகிறோம். சரி, அவருக்கு ஆசிரியர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. ஏ. ஜி. ஹாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் 35 ஆண்டுகள் வேலை பார்த்தவர். தத்துவப் பேராசிரியராக இருந்து, கடைசிப் பத்து ஆண்டுகள் முதல்வராகவும் இருந்தார். நானும் தத்துவம் படித்தவன், அதுவும் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவன் என்பதால் இவரைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் உண்டு. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. ஆனால் கர்மா பற்றிய பதிலைப் படித்துவிட்டு 1938 மாநாட்டுப் பதிலுக்குப் போனால் நன்றாகப் புரியும்.

யார் இந்த ஹாக்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக். 1875இல் பிறந்து 1954இல் இறந்தார். குடும்பம் ஸ்காட்லாந்து, பிறந்தது எகிப்தில், ஏனென்றால் பெற்றோர் அங்கே மிஷனரிகள். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் படித்தார். 1903இல் சென்னைக்கு வந்தார். 1928இல் முதல்வர் ஆனார். 1938இல் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். நடுவே இன்னொரு கல்லூரிக்கு மாறவில்லை, அரசு வேலைக்குப் போகவில்லை. ஒரே கல்லூரி, ஒரே துறை.

அவர் பாதிரியாரா, பேராசிரியரா?

வந்தபோது பேராசிரியர் மட்டும்தான். குரு அபிஷேகம் வாங்காத மிஷனரியாகத்தான் கப்பல் ஏறினார். மாணவப் பருவத்தில் அவருக்குக் கடவுள் நம்பிக்கையே ஆட்டம் கண்டிருந்தது. இறையியல் படிப்பில் தொடர்ந்து நிற்க முடியாத அளவுக்குச் சந்தேகம். பிறகு மெல்ல மெல்ல, தர்க்கத்தின் வழியாகவும் சொந்த அனுபவத்தின் வழியாகவும், நம்பிக்கையை மீட்டெடுத்தார்.

எனக்கு இது முக்கியமான விஷயமாகப் படுகிறது. சந்தேகத்தை ஒருமுறை அனுபவித்தவர் வகுப்பில் மாணவன் எழுப்பும் சந்தேகத்தைக் கண்டு பதறமாட்டார். 'இப்படியெல்லாம் கேட்கலாமா' என்று அதட்டவும் மாட்டார். ஹாக்கைப் பற்றிப் பின்னால் சொல்லப்போகும் பல விஷயங்களுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

அப்போது கல்லூரி தாம்பரத்தில்தானே இருந்தது?

இல்லை. எம்.சி.சி. (சென்னை கிறிஸ்தவக் கல்லூரி) என்றாலே தாம்பரம், மரங்கள், புள்ளிமான் என்று நமக்குப் பழகிவிட்டது. ஹாக் வந்து இறங்கியபோது கல்லூரி ஜார்ஜ் டவுனில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது. 1837இல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் போதகர் பள்ளிக்கூடமாக ஆரம்பித்தது அது. அவர் பெயரில் உள்ள ஆண்டர்சன் சர்ச் இன்றும் என்.எஸ்.சி. போஸ் சாலையில் நிற்கிறது. பாரிமுனையில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் நிமிர்ந்து பார்த்தால் தெரியும், யாரும் பார்ப்பதில்லை.

பள்ளிக்கூடத்தைப் பெரிய கல்லூரியாக வளர்த்தவர் வில்லியம் மில்லர். 1862இல் வந்து 1907 வரை இருந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராகவும் இருந்தார். உயிரோடு இருக்கும்போதே, 1901இல், அவருக்குக் கல்லூரி எதிரே சிலை வைத்தார்கள். வைத்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவராக மாறாத பழைய மாணவர்கள். ஹாக்குக்கு முதல் நான்கு ஆண்டுகள் இந்த மில்லரின் கீழ்தான் வேலை.

மதம் மாற்றத்தானே கல்லூரி நடத்தினார்கள்?

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. நேர்மையாகச் சொன்னால், காசு கொடுத்த ஸ்காட்லாந்து சபையாரில் பலருக்கு அந்த எண்ணம்தான். அவர்களின் புகாரே 'இவ்வளவு செலவு செய்கிறோம், எத்தனை பேர் ஞானஸ்நானம் வாங்கினார்கள்?' என்பதுதான். மில்லர் அதற்கு மசியவில்லை. கல்லூரியின் வேலை ஆட்களை எண்ணிச் சேர்ப்பது இல்லை, கிறிஸ்தவச் சிந்தனை சமூகத்துக்குள் மாவில் புளிப்பு ஏறுவதுபோல மெதுவாக ஏறினால் போதும் என்பது அவர் கட்சி.

ஆனால் பைபிள் வகுப்பு எல்லோருக்கும் கட்டாயம். பிராமணப் பையனும் சரி, முதலியார் வீட்டுப் பையனும் சரி, உட்கார்ந்தே ஆக வேண்டும். இந்தக் கட்டாயம் பின்னாளில் பெரிய சர்ச்சையானது. நான் படித்த காலத்தில் அது தேய்ந்து, கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு 'ஸ்க்ரிப்ச்சர்', மற்றவர்களுக்கு 'மாரல்' என்று இரண்டு வகுப்பாகப் பிரிந்திருந்தது. மாரல் வகுப்பில் பாதிப் பேர் தூங்குவார்கள். ஸ்க்ரிப்ச்சர் வகுப்பிலும் அப்படித்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

தத்துவ வகுப்பில் அன்று என்ன படித்தார்கள்?

உளவியல், தர்க்கம், அறவியல், ஐரோப்பியத் தத்துவ வரலாறு. ஸ்டௌட் எழுதிய உளவியல், வெல்டன் எழுதிய தர்க்கம், மெக்கன்சி எழுதிய அறவியல் ஆகியவை பாடநூல்கள். இந்தியத் தத்துவம்? பாடத்திட்டத்தில் கிட்டத்தட்ட இல்லை. சங்கரர் பெயரையோ ராமானுஜர் பெயரையோ ஒருமுறைகூடப் பரீட்சைத்தாளில் எழுதாமல் ஒருவன் தத்துவத்தில் பட்டம் வாங்கிவிடலாம். ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர் இங்கிருந்து கூப்பிடு தூரம்!

அந்த மூன்று புத்தகங்களின் பெயர் நமக்குத் தெரிவதற்கு ஒரு காரணம் உண்டு. அது அடுத்த பதிலில்.

ராதாகிருஷ்ணன் எப்படி இவரிடம் வந்து சேர்ந்தார்?

பணமில்லாததால். திருத்தணிப் பையன், வேலூர் வூர்ஹீஸ் கல்லூரியில் படித்துவிட்டு, பதினாறு பதினேழு வயதில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்கு வந்தார். எந்தப் பாடத்தை எடுப்பது என்று முடிவாகவில்லை. உறவுக்காரர் ஒருவர் அதே கல்லூரியில் படித்து முடித்துவிட்டுத் தன் பழைய புத்தகங்களைக் கொடுத்தார். மேலே சொன்ன மூன்றும்தான் அவை. புத்தகம் கைக்கு இலவசமாக வந்துவிட்டது, பாடமும் அதுவே என்று ஆகிவிட்டது. பிற்காலக் குடியரசுத் தலைவரின் தத்துவ வாழ்க்கை இப்படிப் பழைய புத்தகத்தில் ஆரம்பித்தது என்று அவரே எழுதியிருக்கிறார்.

வகுப்பில் ஹாக்கும் மற்ற மிஷனரி ஆசிரியர்களும் இந்து சமயத்தின் மீது வைத்த விமர்சனம் அவரைச் சுட்டது. விவேகானந்தரைப் படித்துப் பெருமிதம் ஏறியிருந்த பிள்ளை. கிறிஸ்தவக் கல்லூரியில் தன் சமயத்துக்குக் கிடைத்த மரியாதை அவருக்குப் பெரிய மனவருத்தம். விமர்சகர்கள் விட்ட சவால்தான் இந்து சமயத்தில் உயிரோடு இருப்பது எது, செத்துப்போனது எது என்று தேடிப் படிக்க வைத்தது என்று பின்னாளில் சொன்னார்.

எம்.ஏ. படிப்புக்கு ஓர் ஆய்வுரை எழுத வேண்டும். வேதாந்தத்தில் அறத்துக்கு இடமே இல்லை, உலகமே மாயை என்றால் நல்லது கெட்டது எங்கிருந்து வரும் என்பது மிஷனரிகள் அடிக்கடி வைத்த குற்றச்சாட்டு. இருபது வயது மாணவர் அதையே தலைப்பாக எடுத்துக்கொண்டு, வேதாந்தத்துக்கு அறவியல் உண்டு என்று வாதாடி எழுதினார். 1908இல் அது சிறு நூலாகவும் வந்தது.

இங்கேதான் ஒரு காட்சியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆய்வுரை ஆசிரியரின் கட்சிக்கு நேர் எதிர். மதிப்பிடப்போவது அதே ஆசிரியர். மாணவருக்குப் பயம், ஹாக் மனம் புண்படுவாரே என்று. ஹாக் படித்தார். மிகச் சிறப்பான வேலை என்று பாராட்டினார். கொடுத்த நற்சான்றிதழில், தத்துவச் சிக்கலின் முக்கியமான பக்கங்களை இந்த மாணவர் அருமையாகப் புரிந்துகொண்டிருக்கிறார், சிக்கலான வாதத்தை எளிதாகக் கையாள்கிறார், இவருடைய ஆங்கிலமும் சராசரிக்கு மேல் என்ற பொருள்பட எழுதினார். தன் கட்சியை எதிர்த்ததற்காக ஒரு மார்க்கூடக் குறைக்க நினைக்காதவர் எழுதும் சான்றிதழ் அது. அடுத்த ஆண்டே ராதாகிருஷ்ணனுக்கு மாநிலக் கல்லூரியில் வேலை கிடைத்தது.

எனக்கு வாய்த்த ஆசிரியர்களில் ஒருவர் இருந்தார், பெயர் வேண்டாம். அவர் கருத்துக்கு மாறாக எழுதினால் விடைத்தாளில் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்விக்குறி போடுவார், அவ்வளவுதான், மார்க் போய்விடும். அந்தக் கேள்விக்குறிகளைப் பார்த்து வளர்ந்ததால்தான் ஹாக்கின் சான்றிதழ் எனக்குப் பெரிதாகத் தெரிகிறதோ என்னவோ.

கர்மாவைப் பற்றி ஹாக் என்னதான் சொன்னார்?

வந்த மறு ஆண்டே கல்லூரி இதழில் தொடர் கட்டுரை எழுத ஆரம்பித்தார். 1904, 1905இல் வந்த அந்தக் கட்டுரைகளைக் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் 1909இல் புத்தகமாகப் போட்டது. தலைப்பைத் தமிழில் 'கர்மாவும் மீட்பும்' எனலாம். ஹாக் என்றால் இன்றும் முதலில் சொல்லப்படும் நூல் அதுதான்.

அதற்கு முன் மிஷனரிகள் எழுதியவற்றில் பெரும்பகுதி, கர்மக் கொள்கை மூடத்தனம், ஒழுக்கத்தைக் கெடுக்கிறது என்ற ரகம். ஹாக் முதலில் அதைத் தூக்கி எறிந்தார். கர்மக் கொள்கை ஆழமான நீதி உணர்விலிருந்து பிறந்தது, அதை மதித்துத்தான் பேச வேண்டும் என்றார். வினை விதைத்தவன் வினை அறுப்பான். இதில் கேலி செய்ய என்ன இருக்கிறது? ஒவ்வொரு செயலுக்கும் சரியான கூலி உண்டு, யாரும் தப்ப முடியாது, யாரும் அடுத்தவன் கணக்கைத் தீர்க்கவும் முடியாது. கறாரான நீதிமன்றம்.

அவருடைய மறுப்பு இங்கிருந்துதான் கிளம்புகிறது. உலகம் நீதிமன்றம் மட்டும்தானா? அப்பன் குடித்து அழிகிறான், பிள்ளையின் படிப்பு நிற்கிறது. (உதாரணம் என்னுடையது.) கறாரான கணக்குப்படி, பிள்ளை அனுபவிப்பது பிள்ளையின் பழைய வினை. அப்படியானால் அப்பன் பிள்ளைக்கு உண்மையில் எந்தத் தீங்கும் செய்யவில்லை என்று ஆகிவிடாதா? ஒருவர் பாவம் இன்னொருவரை வதைக்கிறது, ஒருவர் அன்பு இன்னொருவர் சுமையைத் தாங்குகிறது. வாழ்க்கை இப்படிப் பின்னிக் கிடக்கிறது, தனித்தனிப் பேரேடாக இல்லை என்றார் ஹாக். தகுதிக்கு ஏற்ற தண்டனை கொடுத்துவிட்டுத் திருப்தியோடு உட்கார்ந்திருக்கும் கடவுள் போதாது; பாவத்தின் வலியைத் தானும் சுமந்து ஆளை மீட்கும் கடவுள் வேண்டும். கிறிஸ்தவம் சொல்வது அதைத்தான் என்பது அவர் வாதம்.

அதே கத்தியைத் தன் ஆட்கள் பக்கமும் திருப்பினார். சிலுவையை அபராதம் கட்டி ரசீது வாங்கிய கோர்ட்டு விவகாரம்போலப் பிரசங்கம் செய்யும் கிறிஸ்தவர்களும் அதே நீதிமன்றப் பார்வையில்தான் சிக்கியிருக்கிறார்கள் என்றார்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கல்லூரியிலிருந்து கந்தகோட்டம் நடந்து போகும் தூரம். அங்கே வள்ளலார் பாடிய பாட்டு எல்லாம் அருளைக் கேட்டுத்தான். சைவ சித்தாந்தத்தில் கன்மம், அதாவது கர்மா, ஒரு மலம், உயிரைப் பற்றிய அழுக்கு; அதை நீக்குவது இறைவனின் அருள். வைணவத்தில் சரணாகதி என்றால் கணக்குப் புத்தகத்தையே மூடச் சொல்வது. ஹாக் எடுத்துக்கொண்டது கர்மக் கொள்கையின் மிகக் கறாரான வடிவத்தை. தமிழ்நாட்டுப் பக்தி மரபுக்கு அந்த நூலில் அவர் போதிய இடம் கொடுக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. கோயில் வாசலில் நின்று கேட்டிருந்தால் வாதம் இன்னும் சுவாரசியமாகப் போயிருக்கும்.

ராதாகிருஷ்ணன் பதில் சொன்னாரா?

வாழ்நாள் முழுக்கச் சொன்னார். 1926இல் ஆக்ஸ்ஃபோர்டில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் வரும் சீட்டாட்ட உவமை பலருக்குத் தெரியும். கைக்கு வந்த சீட்டு பழைய வினை, நாம் தேர்ந்தெடுத்தது இல்லை. ஆனால் எப்படி ஆடுவது என்பது நம் கையில். கர்மம் விதிக் கணக்கு இல்லை, அதற்குள் சுதந்திரம் உண்டு என்பது அதன் சாரம். ஹாக் பெயரைச் சொல்லி எழுதிய மறுப்பு இல்லை. ஆனால் 1904இல் தொடங்கிய தொடர் கட்டுரையையும் இதையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரே உரையாடலின் இரண்டு பக்கம் என்று தெரியும்.

தன் கிறிஸ்தவ ஆசிரியர்கள் தன் நம்பிக்கையை உலுக்கி, தான் சாய்ந்து நின்ற மரபு முட்டுகளை ஆட்டிவிட்டார்கள், தத்துவம் பிறக்கிற ஆதி நிலைக்குத் தன்னைக் கொண்டுபோய் விட்டார்கள் என்ற கருத்தையும் அவர் பிற்காலத்தில் எழுதினார். இதைக் குறையாகவும் வாசிக்கலாம், நன்றியாகவும் வாசிக்கலாம்.

கிறிஸ்து இந்து மதத்தின் நிறைவு என்று அக்காலத்தில் ஒரு கொள்கை இருந்ததாமே. ஹாக்கும் அந்தக் கட்சியா?

இல்லை, அதை எதிர்த்தவர். அந்தக் கொள்கையைப் பெரிதாகப் பேசியவர் ஜே. என். ஃபர்குஹர், ஒய்.எம்.சி.ஏ.வில் இருந்தவர். இந்து சமயத்தின் மகுடம் கிறிஸ்து என்று 1913இல் புத்தகமே எழுதினார். இந்துக்கள் தேடிக்கொண்டிருந்தது கடைசியில் கிறிஸ்துவிடம் கிடைக்கிறது என்பது அதன் சாரம். கேட்க மரியாதையாகத்தான் இருக்கிறது.

ஹாக்குக்கு அதில் ஒரு நேர்மைக்குறைவு தெரிந்தது. எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். ஒருவர் தன் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் போய் 'உங்கள் பசிக்குச் சோறு கொண்டுவந்திருக்கிறேன்' என்றால்? பக்தியுள்ள ஓர் இந்துவுக்குத் தன் சமயத்தில் ஓட்டை இருக்கிறது, அதை அடைக்க ஆள் வரட்டும் என்ற ஏக்கமே இருக்காது. கிறிஸ்து நிறைவேற்றுவது இந்து சமயத்தை அல்ல, இந்தியா புதிதாக உணரத் தொடங்கியிருக்கும் ஒரு தேவையை என்று 1910 எடின்பரோ மிஷனரி மாநாட்டுக்காகத் திரட்டப்பட்ட கருத்துகளிலேயே அவர் எழுதி அனுப்பினார். ஒற்றுமையை இழுத்துப் பிடித்துக் காட்டுவதைவிட வேற்றுமையைத் தெளிவாக வைப்பதுதான் மரியாதை என்பது அவர் முறை. சொல்வது கேட்பவருக்குப் பொருத்தமாகவும் இருக்க வேண்டும், அவரைச் சீண்டவும் வேண்டும்.

முதல்வரானபின் என்ன செய்தார்?

தத்துவத்தைவிடக் கட்டடம் அதிகம் பார்த்தார். ஜார்ஜ் டவுனில் மூச்சு முட்டியது. விடுதியோடு கூடிய கல்லூரி வேண்டும் என்ற பேச்சு பல வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. 1930, 31இல் லிண்ட்சே தலைமையில் இந்தியக் கிறிஸ்தவ உயர்கல்வியை ஆராய ஒரு குழு வந்தது. லிண்ட்சேயும் தத்துவக்காரர்தான், ஆக்ஸ்ஃபோர்டில் பேலியல் கல்லூரித் தலைவர். பல்கலைக்கழகப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதிலேயே கிறிஸ்தவக் கல்லூரிகளின் சக்தியெல்லாம் கரைந்துபோகிறது, ஆராய்ச்சியும் சுற்றுவட்டாரச் சமூகப் பணியும் வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. தொண்ணூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்த அறிக்கையின் முதல் பாதியைத் தேதி மாற்றி அப்படியே வெளியிடலாம்.

தாம்பரம் தோதாக அமைந்தது. 1931இல் பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. சேலையூர்க் காட்டில் 360 ஏக்கருக்கு மேல் நிலம் கிடைத்தது. 1937இல், கல்லூரியின் நூற்றாண்டில், இடமாற்றம் நடந்தது. புதரும் முள்ளுமாகக் கிடந்த இடத்தை வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் மரம் வைத்துச் சோலையாக்கினார்கள். ரயிலைவிட்டு இறங்கி ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்து வாசலுக்குள் நுழைந்தால் வெயில் சட்டென்று இறங்கும், கவனித்திருப்பீர்கள். அந்தக் குளிர்ச்சி அவர்கள் வைத்தது.

இந்தப் பத்து ஆண்டுகளில் ஹாக் பெரிய நூல் எதுவும் எழுதவில்லை. நல்ல ஆசிரியரைப் பிடித்து முதல்வர் நாற்காலியில் உட்காரவைத்து, கோப்பும் காண்ட்ராக்டரும் கொடுத்து, எழுத்தை நிறுத்திவிடும் வழக்கம் நேற்று வந்தது அல்ல.

1938 தாம்பரம் மாநாட்டில் என்ன நடந்தது?

சர்வதேச மிஷனரி மன்றத்தின் உலக மாநாடு. முதலில் சீனாவில் ஹாங்சௌ நகரில் நடத்தத்தான் திட்டம். ஜப்பான் படையெடுப்பால் அங்கே முடியாமல் போனது. புத்தம் புதிய தாம்பரம் வளாகத்துக்கு அந்த வாய்ப்பு வந்தது. டிசம்பர் 12 முதல் 29 வரை, ஏறத்தாழ எழுபது நாடுகளிலிருந்து 470 பேர் வாக்கில் வந்து தங்கினார்கள்.

மாநாட்டுக்கென்றே டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் தடிமனான ஒரு நூல் எழுதியிருந்தார். கடவுள் கிறிஸ்துவில் தன்னை வெளிப்படுத்தியது ஒன்று. மற்ற மதங்களெல்லாம் மனித முயற்சி. இரண்டுக்கும் நடுவே தொடர்ச்சி கிடையாது, முறிவுதான். கிரேமர் வாதத்தின் முதுகெலும்பு இது.

வேற்றுமையை வலியுறுத்தும் ஹாக் இதற்குத் தலையாட்டியிருப்பார் என்றுதானே நினைப்போம்? அவர்தான் வலுவான எதிர்ப்பு எழுப்பினார். மதம் என்கிற அமைப்பு, கொள்கைகள், சடங்குகள் ஒரு பக்கம். ஒரு மனிதர் கடவுளோடு கொள்ளும் விசுவாசம் இன்னொரு பக்கம். இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள் என்றார். கிறிஸ்துவை ஒரே இரட்சகராக ஏற்காத, முழுக்க இந்து நிறம் கொண்ட கருத்துகளையே வைத்திருந்த சிலரைத் தனக்குத் தெரியும், அவர்களோடு பழகியிருக்கிறேன், கடவுளுக்குள் மறைந்த வாழ்வுக்கு அவர்கள் அந்நியர்கள் அல்ல என்பது கண்கூடு என்று எழுதினார். அப்படிப்பட்டவர்களைக் கிறிஸ்தவர் மதிக்க வேண்டும், அவர்கள் முன் பணிவோடு நிற்க வேண்டும்.

ஹாக் அந்த நண்பர்களின் பெயரைச் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருஷம் சென்னையில் யாரோடு உட்கார்ந்து பேசினார், எந்த வீட்டுக் கூடத்தில் காப்பி குடித்தார், நமக்குத் தெரியாமலே போய்விட்டது. கிரேமர் நூலில் இல்லாதது அந்தக் கூடம்தான் என்று நான் சொல்வேன். கிரேமரின் படிப்பு ஹாக்கைவிடப் பரந்தது. ஆனால் ஹாக் முன்னால் பெஞ்சில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள், முகம் தெரியும், தகப்பன் பேர் தெரியும்.

அவர் கல்லூரியிலிருந்து வந்த வேறு சிந்தனையாளர்கள்?

செஞ்சையா, வெங்கல் சக்கரை. இருவரும் இந்தக் கல்லூரிப் பிள்ளைகள், உறவுமுறையில் மைத்துனர்கள். அதே 1938 மாநாட்டை ஒட்டி, மேற்கத்திய அச்சில் வார்க்காத இந்தியக் கிறிஸ்தவம் வேண்டும் என்று வாதிட்ட கூட்டு நூலில் இருவரும் எழுதினார்கள். சக்கரை தொழிற்சங்கத் தலைவரும்கூட. சென்னை மேயராகவும் இருந்தார்.

கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவம் நடத்த விசுவாசி ஆகத்தான் இருக்க வேண்டுமா?

இன்று தமிழ்நாட்டில் அப்படி இல்லை. துறைகளில் எல்லாச் சமயத்தாரும் வேலை பார்க்கிறார்கள். ஹாக் காலத்தில் மிஷன் அனுப்பும் பேராசிரியர் விசுவாசியாக இருந்தே ஆக வேண்டும். ஆனால் அவருடைய வாழ்க்கை இந்தக் கேள்வியைக் கொஞ்சம் புரட்டிப் போடுகிறது. அவர் தன் விசுவாசத்தை மறைத்துக்கொண்டு 'நடுநிலை' வேடம் போடவில்லை. தான் எங்கே நிற்கிறேன் என்பதை மாணவருக்குத் தெரியும்படி வைத்தார். எதிர்த்து அடிக்க அவர்களுக்கு ஓர் இலக்கு கிடைத்தது. நடுநிலையான ஆசிரியரிடம் படித்திருந்தால் ராதாகிருஷ்ணன் அந்த ஆய்வுரையை எழுதியிருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. எல்லா மாணவரும் ராதாகிருஷ்ணன் இல்லை. கட்டாய பைபிள் வகுப்பில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்த பிள்ளைகள் தன்வரலாறு எழுதவில்லை.

இவ்வளவு முக்கியமானவரை ஏன் மறந்துவிட்டோம்?

எழுதியது குறைவு. அறுபது பக்கத்தில் சொல்வதை இருநூறு பக்கத்தில் சொல்ல மாட்டார்; ஒரு வாக்கியத்தில் மூன்று வாதத்தை மடித்து வைப்பார். ஓடிப் படிக்க முடியாது. ஓய்வுக்குப் பிறகு ஸ்காட்லாந்தில் நிகழ்த்திய சொற்பொழிவுகள் 1947இல் நூலாக வந்தன. தலைப்பே 'இந்துவுக்கான கிறிஸ்தவச் செய்தி' என்ற பொருளில் இருந்தது. நாடு விடுதலை பெற்ற வருஷம் அப்படியொரு தலைப்பை இங்கே யார் எடுத்துப் படிப்பார்கள்? பிறகு எரிக் ஷார்ப் என்ற சமய வரலாற்றாசிரியர் 1971இல் ஹாக்கின் இறையியலைப் பற்றித் தனி நூல் எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டு 'கர்மாவும் மீட்பும்' சென்னையில் மறுபதிப்பு கண்டது.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

'கர்மாவும் மீட்பும்' நூலிலிருந்து. சின்னப் புத்தகம். கூடவே ராதாகிருஷ்ணனின் 1926 சொற்பொழிவுகளில் கர்மா பற்றிய பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் படியுங்கள். யார் பக்கம் சாய்கிறீர்கள் என்பது பக்கத்துக்குப் பக்கம் மாறும். எனக்கு மூன்று முறை மாறியது.

இருவரும் பிறகு சந்தித்தார்களா?

அதைப்பற்றி எழுத எனக்குச் சான்று கைவசம் இல்லை. தேதிகளை மட்டும் சொல்கிறேன். ராதாகிருஷ்ணன் 1936இல் ஆக்ஸ்ஃபோர்டில் கீழைச் சமயங்களுக்கான ஸ்பால்டிங் பேராசிரியர் ஆனார். அப்போது ஆசிரியர் தாம்பரத்தில் கட்டட வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1954இல் ஹாக் ஸ்காட்லாந்தில் காலமானார். அதே வருஷம் அவருடைய பழைய மாணவருக்கு, குடியரசுத் துணைத் தலைவராக இருந்தவருக்கு, பாரத ரத்னா கொடுத்தார்கள்.